பயம் வர வேண்டுமாம்

அக்டோபர் 6, வெள்ளி

சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் தயாவைத் தூக்கில் போடுகிறார்கள்.

எவ்வளவு மரியாதையான கடிதம்! இந்த வாரம் தினமும் வந்து பார்க்கலாமாம். கடைசியாகப் படம் எடுத்துக்கொள்ள விருப்பமிருந்தால் நல்ல உடை வாங்கிக் கொடுக்கலாமாம். கல்யாண அழைப்பிதழில்கூட இவ்வளவு பணிவு இருக்காது. கிழித்துப் போடலாம் என்று கை போனது. சிறை வாசலில் அதைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் மடித்து வைத்தேன்.

அம்மா போனபோது தயாவுக்குப் பதினொரு வயது. கனகாவுக்கு ஒன்பது. இருவரையும் நான்தான் ஆளாக்கினேன். நான் கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். எவனும் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தயா மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனான். அந்தக் கரையில் பிடித்தார்கள். சீட்டுக்கு அடியில் பழுப்பு டேப் சுற்றிய போதைப்பொருள் பொட்டலம். கொடுத்தவன் யார் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன். "விடுக்கா, சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே" என்பான். கொண்டுபோனவனுக்குக் கயிறு. கொடுத்தவன் எங்கேயோ சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறான்.

செய்தி கேட்டு கனகா ஓடிவந்து அழுதாள். அவள் புருஷன் லோகன் மட்டும் அழாமல் காரியத்தைப் பார்த்தான். "அக்கா, நீங்க பஸ்ல அலைய வேணாம்லா. தினமும் நானே கூட்டிட்டுப் போறேன். தெரிஞ்சவர் ஒருத்தர் கார் தர்றேன்னு சொல்லியிருக்காரு." சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவன். இத்தனை வருடம் இவனைத் திட்டியதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, சனி

சட்டை வாங்கப் போனேன். டவுனில் தீபாவளி வியாபாரம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒலிபெருக்கி, தோரணம், கடைக்குக் கடை மலிவு விற்பனை.

"யாருக்குக்கா?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"தம்பிக்கு."

"தீபாவளிக்கா?"

"அதுக்கு முன்னாடி" என்றேன். பிறந்தநாளா என்றாள். பேசாமல் சட்டையைக் காட்டு என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

மயில்நீலம் எடுத்தேன். அவனுக்குப் பிடித்த நிறம். தயா தொந்தியும் தொப்பையுமாக இருப்பான், அதனால் பெரிய அளவாகவே எடுத்தேன். கால்சட்டையும் அப்படியே. கறுப்பு ஷூ. பெல்ட் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. பெல்ட்டில் தொங்கிவிடுவானாம். அவர்களுக்கு முந்திக்கொள்வான் என்று பயம்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. காண்டீனைத் திறக்காமல் இருக்க முடியாது, பிள்ளைகள் பசியோடு நிற்கும். ராஜம்மாவிடம் இந்த வாரம் மட்டும் பத்து மணிக்குமேல் நீ பார்த்துக்கொள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு வெங்காயம் அரிந்து அரிந்தே கண் கெட்டவள். "போயிட்டு வா தவமணி, நான் இருக்கேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் நேயர்களின் கருத்து. தலைப்பு தயாதான், பெயர் மட்டும் சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து ஒரு ஆள் பேசினான்: "தூக்குல போட்டாத்தாங்க மத்தவனுக்குப் பயம் வரும். பயம் வரணும். ஒரு உயிர் போனா நூறு உயிர் பொழைக்கும்." அறிவிப்பாளர், "அருமையான கருத்து, அடுத்து உங்களுக்குப் பிடித்த பாடல்" என்றாள். கரண்டியை வாணலியில் ஓங்கி அடித்தேன். எந்த நூறு உயிர்? பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஒரு உயிரின் பெயர் எனக்குத் தெரியும்.

எனக்காகக் காத்திருந்த லோகன் இரண்டாவது தட்டு மீயைத் தின்றுகொண்டே, "அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குலா அக்கா. பயம்னு ஒண்ணு இருக்கணும்" என்றான். மூன்றாவது தட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கார் சுத்தமாக, புதுசு மாதிரி இருந்தது. சிறை வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க பாருங்க அக்கா, நான் பெட்ரோல் போட்டுட்டு வந்துடுறேன்" என்றான். ஜோகூர்க்காரன் எவனாவது சிங்கப்பூரில் போய்ப் பெட்ரோல் போடுவானா? பாலத்துக்கு இந்தப் பக்கம் சல்லிசாகக் கிடைப்பதை அங்கே கொள்ளை விலை கொடுத்து வாங்க இவன் என்ன டத்தோ பட்டம் வாங்கிய பரம்பரையா? ஊதாரி என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

தயா கண்ணாடிக்கு அந்தப் பக்கம். டெலிபோன் வழியாகத்தான் பேச்சு. என்னைப் பார்த்ததும், "என்னக்கா, நீதான் தூக்குக் கைதி மாதிரி இருக்கே" என்று சிரித்தான். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"எப்படி வந்தே?"

"லோகன் கார்ல."

"அவன்கிட்ட ஏது காரு?"

"பரமுன்னு ஒருத்தர் கொடுத்திருக்காராம். கார் கழுவுற கடை வச்சிருக்காராம்லா. நம்ம கஷ்டம் தெரிஞ்சு சும்மாவே கொடுத்திருக்காரு. இந்தக் காலத்துல யாரு கொடுப்பா?"

தயாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த டெலிபோனைப் பார்த்தான். பின்னால் நின்ற காவலரைப் பார்த்தான். "அக்கா, நாளைக்கு பஸ்ல வா" என்றான்.

"ஏன்டா?"

"பஸ்ல வாக்கா."

ஐந்து நாளில் சாகப் போகிறவன், அக்கா எதில் வருகிறாள் என்று கவலைப்படுகிறான். அடுத்தவனிடம் கடன்படக் கூடாது என்ற ரோஷம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

மழை. பஸ்ஸில் நனைய முடியாது, காரில்தான் போனேன். லோகன் இன்றும் பெட்ரோல் போடப் போனான். அங்கே எவளாவது இருக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. இந்த வாரம் முடியட்டும், கனகாவிடம் சொல்லி இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்.

தயாவிடம் பஸ்ஸில் வந்ததாகப் பொய் சொன்னேன். என் செருப்பைப் பார்த்தான். ஈரமே இல்லை. சாப்பிட்ட தட்டை நகர்த்துவது போல அந்தப் பேச்சை நகர்த்தி வைத்துவிட்டு, பள்ளிக்கூடக் காண்டீனில் இப்போதும் வாழைப்பழப் பொரியல் போடுகிறாயா என்று கேட்டான்.

அக்டோபர் 10, செவ்வாய்

பாலத்தில் நெடுநேரம் நின்றோம். என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். தம்பியை வெள்ளிக்கிழமை தூக்கில் போடுகிறீர்கள், அதற்குள் பார்க்கப் போகிறேன் என்றேன். கடிதத்தையும் நீட்டினேன். அந்த மனுஷன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவரும் யாருக்கோ தம்பியாக இருப்பார்.

காரில் ஏசி குளிராக ஓடிக்கொண்டிருந்தது. லோகனுக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. உதடு முருகா முருகா என்று அசைந்துகொண்டே இருந்தது. மச்சான்மேல் இவனுக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்து என் கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 11, புதன்

இன்று படங்களைக் கொடுத்தார்கள். மயில்நீலச் சட்டையில் தயா நிற்கிறான், உட்கார்ந்திருக்கிறான், கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான். சட்டை அளவெடுத்துத் தைத்தது போலக் கச்சிதம்.

"பாத்தியா, உன் சைஸ் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றேன் பெருமையாக.

தயா விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அதுக்குள்ள ரெண்டு தயா போகலாம். பின்னாடி துணியெல்லாம் அள்ளி கிளிப் போட்டு இறுக்கிட்டாங்க. கால்சட்டைக்கும் அப்படித்தான். திரும்பிடாதே, திரும்பிடாதேன்னு சொல்லித்தான் படம் புடிச்சாங்க."

ஒன்பது வருடமாகக் கண்ணாடி வழியே முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உடம்பு கரைந்துபோனது தெரியவில்லை. வளர்த்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

கருணை மனு போன மாதமே தள்ளுபடி. வழக்கறிஞர் இன்று கடைசியாக ஒரு மனுப் போட்டார். அதுவும் ஆகவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

கடைசி நாள். கனகாவும் வந்தாள். அவள் பேசி முடித்து வெளியே போய் அழுதுகொண்டிருந்தபோது தயா என்னை மட்டும் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு சத்தியம் பண்ணு. கனகா வீட்டுக்காரனை இனிமே பாலம் தாண்ட விடாதே."

"அவனுக்கு என்னடா? அவன் இல்லாட்டி இந்த வாரம் நான் என்ன ஆகியிருப்பேன்?"

"ரோடு சரியில்லக்கா."

"என்ன ரோடு? என்ன பேசுற?"

அவன் டெலிபோனை ஒரு விரலால் தட்டிக் காட்டினான். "கேக்குறாங்கல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும். ரோடு சரியில்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். கண்ணாடிமேல் கையை வைத்தேன். அவனும் வைத்தான். கண்ணாடி சில்லென்று இருந்தது. கடைசிவரை ஒரு தடவை தொட விடவில்லை. இதில் யாருக்கு என்ன பயம் வந்துவிடப் போகிறது? என் கை பட்டால் அவர்கள் சட்டம் உடைந்துவிடுமா?

அக்டோபர் 13, வெள்ளி

முடித்துவிட்டார்கள்.

அமரர் ஊர்தியில் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது அவனை யாரும் நிறுத்தவில்லை. பாடையை லோகன், ராஜம்மாவின் மகன் டினேஷ், இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். டினேஷ் லாரியில் சாமான் ஏற்றுகிறவன், தயாவை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்தவன். எல்லாரையும்விட அவன்தான் அதிகம் அழுதான்.

அக்டோபர் 14, சனி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் சாம்பல் வாங்கினோம். கடலில் கரைக்க வேண்டும். லோகன் மாலை வாங்கக் கடைக்குள் போயிருந்தான். மண்சட்டி உருண்டுவிடுமே, மாற்று டயர் இருக்கும் குழிக்குள் வைத்தால் ஆடாது என்று காரின் பின்பக்க விரிப்பைத் தூக்கினேன். டயர் இல்லை. பழுப்பு டேப் உருளை ஒன்று, சுருட்டிய பிளாஸ்டிக், கைக்கடக்கமான ஒரு தராசு.

அந்த டேப்பை எனக்குத் தெரியும். தயாவின் வழக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நாள் கணக்கில் காட்டினார்களே.

பெட்ரோல். வேர்வை. முருகா முருகா. பஸ்ல வாக்கா. எல்லாம் ஒரேயடியாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. என் தம்பிக்குக் கொடுத்தவன் யார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பரமு. கார் சும்மா கொடுத்த நல்ல மனுஷன்.

லோகன் மாலையோடு வந்தான். திறந்து கிடந்த குழியைப் பார்த்தான். மாலையைக் கீழே போட்டுவிட்டான்.

"எத்தனை தடவை?"

"அக்கா..."

"எத்தனை தடவைடா?"

"இந்த வாரம் மட்டும்தான் அக்கா. சாவுக்குப் போற காரை யாரு தோண்டுவான்னு பரமு அண்ணன் சொன்னாரு. கடனு இருந்துச்சு. கனகாவுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அறைந்தேன். என் கையில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவன் கன்னத்தில் என் தம்பியின் சாம்பல். "அவனைத் தூக்கில போட வச்சிருக்காங்கன்னு தெரியும். என்னை அந்த வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போயிருக்கே. உனக்குப் பயமே இல்லையாடா?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பயம்தான் அக்கா. பயந்துகிட்டேதான் ஓட்டுனேன்."

ஈப்போக்காரரே, கேட்டீர்களா? பயம் வந்தது. நன்றாகவே வந்தது. பயத்தோடு கிளட்சை மிதித்து, பயத்தோடு கியரை மாற்றி, பாலத்தைத் தாண்டிப் போனது.

சாம்பலைக் கரைத்தோம். டேப்பையும் தராசையும் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். வாத்தியார்கள்தான் முகம் சுளித்தார்கள்.

லோகனின் பாஸ்போர்ட்டை வாங்கிக் காண்டீனில் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். காரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கனகாவிடம், உன் புருஷனுக்கு இனி காண்டீனில்தான் வேலை என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்கு இளகிய மனசு என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பரமுவைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். சின்ன வயசு மலாய்க்காரப் பையன் ஒருவன் இருந்தான், மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டான். "என்ன மக்சிக், என்ன விஷயம்?" என்றான், சொந்த அத்தையைக் கேட்பது போல.

வாயைத் திறந்தேன். பரமு என்றால் கார் வரும். கார் என்றால் ஓட்டியவன் வருவான். பரமுவுக்குக் கையில் அழுக்கே இருக்காது, அவன் கார் கழுவுகிறவன். லோகனைத்தான் பிடிப்பார்கள். அங்கே கயிறு. இங்கேயும் கயிறு இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. கனகாவின் தாலியை அறுக்க நான் மனுக் கொடுக்க வேண்டும்.

ஐந்து வருடம், பத்து வருடம் ஜெயில் என்று இருந்தால் லோகனின் காதைப் பிடித்து நானே இழுத்து வந்திருப்பேன். பின்னாலேயே பரமுவும் வந்திருப்பான். தயாவும் ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே பெயரைச் சொல்லியிருப்பானோ என்னவோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலிபோனைத் தட்டிக் காட்டிவிட்டு ரோடு சரியில்லை என்று சொல்லிச் சாக வேண்டியிருந்திருக்காது. எவனோ பயப்படுவான் என்று கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது யார் வாயை அடைக்கிறது என்று பாருங்கள். என் வாயை.

அந்தப் பையன் காத்திருந்தான். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். முப்பது வருடமாக அதே பஸ்ஸில் போகிறவள். அவன் வாசல்வரை வந்து கையைக் காட்டினான்.

அக்டோபர் 28, சனி

கருமாதி. பந்தலில் தயாவின் பெரிய படம், மயில்நீலச் சட்டை.

வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. வெள்ளை ஜிப்பாவில் ஒரு ஆள் ரோஜா மாலையோடு இறங்கினான். லோகன் சமையல்கட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். அதிலேயே தெரிந்துவிட்டது யார் என்று. கனகா, "பரமு அண்ணன்லா, வாங்கண்ணே, உங்க கார் இல்லாட்டி அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கும்" என்று வரவேற்று உட்கார வைத்தாள்.

அவனுக்கு நான் இலை போட்டேன். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். பாயாசம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டான், அதையும் ஊற்றினேன். வேறு என்ன செய்ய முடியும்? இந்தக் கையால் அவனுக்குப் பரிமாறினேன் என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பக்கத்து இலைக்காரரிடம் அவன், "என்ன பண்றது, சட்டம் கடுமையாத்தான் இருக்கணும். இதைப் பாத்தாவது நம்ம பசங்களுக்குப் பயம் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கை கழுவிவிட்டுப் படத்தின் முன்னால் நின்றான். "நல்ல சட்டைலா. நல்லாப் பொருந்தியிருக்கு."

"முன்னாடி பாக்குறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன். "பின்னாடி கிளிப் போட்டு இறுக்கிப் புடிச்சிருக்கு. எனக்கு எல்லாம் தெரியும்."

என்னை ஒரு கணம் பார்த்தான். சிரிக்கவில்லை. மாலையைச் சரி செய்துவிட்டுக் காருக்குப் போனான். அவன் பின்சீட்டில் ஏறினான். அப்போதுதான் முன்சீட்டைப் பார்த்தேன். ஓட்டி வந்தவன் டினேஷ். தயாவின் பாடையைத் தூக்கி, எல்லாரையும்விட அதிகமாக அழுதவன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கழுத்தெல்லாம் வேர்வை.

அக்டோபர் 29, ஞாயிறு

காலையில் காண்டீனுக்குப் போகும் முன்னால் ராஜம்மா வீட்டுக்குப் போனேன். டினேஷ் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் பாஸ்போர்ட்டைக் கொடு" என்றேன்.

ராஜம்மா ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டாள்.

அரிசி டிரம்மில் இப்போது இரண்டு இருக்கின்றன. பெரிய டிரம், இன்னும் இடம் இருக்கிறது. லோகன் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறான். இன்று உப்புப் போட மறக்கவில்லை.